எழுத்துக்கு மூளையில் இடம் உண்டாகும் காலம்

காரைக்குடியைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் ஒன்றின் தொடக்கப் பள்ளியில், என் பணிக்காலத்தின் பெரும்பகுதியை ஒன்றாம் இரண்டாம் வகுப்புகளிலேயே கழித்தவள் நான். மேல்வகுப்புக்குப் போகும் வாய்ப்பு வந்தபோதும் நான் நகரவில்லை. எழுத்தே அறியாமல் ஜூன் மாதத்தில் வந்து அமரும் குழந்தை, கோடை விடுமுறை வருவதற்குள் கடைத்தெருவின் பெயர்ப்பலகையைத் தானே படித்துவிடும் நிலைக்கு வருவதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பது எனக்கு ஒருபோதும் அலுத்ததில்லை. எங்கள் பிள்ளைகளின் பெற்றோர் ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறைகளிலும், கட்டட வேலையிலும், விசேஷ வீடுகளுக்குச் சமைக்கப் போகும் குழுக்களிலும், பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளைக் கூட்டித் துடைத்துக் காவல் பார்க்கும் வேலையிலும் இருப்பவர்கள். வீட்டில் கதை சொல்ல அப்பத்தா இருப்பார். படிக்கக் கிடைப்பவையோ நாள்காட்டியும் ரேஷன் அட்டையும் கல்யாணப் பத்திரிகையும்தான். இந்தக் குழந்தைகளுக்கு வாசிப்புக் கற்பிப்பதில் எனக்குக் கைகொடுத்தவற்றுள், வாசிக்கக் கற்கும் குழந்தையின் மூளையில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி நான் தேடிப் படித்தவையும் அடங்கும். அவை என் வகுப்பறை வழக்கங்களை எப்படி மாற்றின என்பதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் மனத்தில் பதிய வேண்டியது, பேச்சு வருவதுபோல் வாசிப்பு வருவதில்லை என்பது. சுற்றிலும் பேசுபவர்கள் இருந்தால் போதும், யாரும் பாடம் நடத்தாமலே குழந்தை பேசிவிடும். எழுத்தின் சங்கதி அப்படியன்று. எங்கள் சிவகங்கை மாவட்டத்துக் கீழடியில் கிடைத்த தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளைத் தமிழகத் தொல்லியல் துறையின் 2019ஆம் ஆண்டு அறிக்கை கி.மு. 6ஆம் நூற்றாண்டு வரை கொண்டுசெல்கிறது. உலகின் மிகப் பழைய எழுத்து முறைகளுக்கும் வயது 5,000 ஆண்டுகளைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். மனித மூளை வாசிப்பதற்கென்று ஓர் உறுப்பைப் பரம்பரையாக வளர்த்துக்கொள்ள இந்தக் காலம் போதாது. அதிலும், எழுத்து தோன்றிய பிறகும் அண்மைக் காலம் வரை மக்களில் மிகப் பெரும்பாலோர் அதை அறியாமலே வாழ்ந்து மறைந்தார்கள். ஆகவே ஒவ்வொரு குழந்தையும் வேறு வேலைகளுக்காக அமைந்த மூளையை வைத்துக்கொண்டு, தன் ஆறாவது ஏழாவது வயதில், வாசிப்புக்கான ஏற்பாட்டைப் புதிதாகச் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அப்படி ஓர் ஏற்பாடு மூளையில் இருக்கிறது என்பதை முதலில் காட்டிக்கொடுத்தவர் ஒரு வணிகர். பாரிஸ் நகரில் துணி வாணிகம் செய்து ஓய்வுபெற்ற அவர், 1887ஆம் ஆண்டில் ஒரு நாள் தம்மால் ஓர் எழுத்தைக்கூடப் படிக்க முடியவில்லை என்று கண்டார். பேச்சு குன்றவில்லை, எதிரில் இருக்கும் பொருள்களும் மனிதர்களும் தெரிந்தார்கள், எண்களைக்கூடப் படித்தார். வியப்பு என்னவென்றால், அவரால் எழுதவும் முடிந்தது. தாம் எழுதியதைத் தாமே திரும்பப் படிக்கத்தான் முடியவில்லை. எழுத்தின் வடிவத்தை விரலால் வரைந்து பார்த்தால் மட்டும் அது இன்ன எழுத்து என்று சொல்லிவிடுவார். அவர் இறந்த பின் மூளையைச் சோதித்த ஜூல் டெஜெரின் என்ற மருத்துவர், இடப்பக்க மூளையின் பின்பகுதியில் இருந்த பாதிப்பை 1892ஆம் ஆண்டில் விளக்கி எழுதினார். ஒரு நூற்றாண்டு கழித்து, மூளையின் எந்தப் பகுதிக்கு எப்போது ரத்த ஓட்டம் கூடுகிறது என்று காட்டும் எம்.ஆர்.ஐ. கருவிகள் வந்த பிறகு, லொரான் கோஎன், ஸ்டானிஸ்லாஸ் டெஹேன் ஆகியோரின் குழு அந்த வட்டாரத்திலேயே, எழுத்துக் கோவையைக் கண்டால் கிளர்ச்சியுறும் ஒரு சிறு பகுதியை அடையாளம் கண்டது. இடது காதுக்குப் பின்னால், மூளையின் அடிப்பக்கத்தில் அது இருக்கிறது. சீனம் படிப்பவருக்கும் பிரெஞ்சு படிப்பவருக்கும் அது ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் அமைகிறது. அதைச் சொல்லுருப் பகுதி என்று இங்கே குறிப்பிடுகிறேன்.

அந்தப் பகுதி குழந்தையிடம் எப்போது தோன்றுகிறது என்ற கேள்விக்கு, எனக்குத் தெரிந்தவற்றுள் மிக நேரடியான விடை 2018ஆம் ஆண்டில் கிஸ்லேன் டெஹேன்-லம்பெர்ட்ஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. ஆறு வயதுக் குழந்தைகள் 10 பேரை, பள்ளியில் சேரும் முன்பிருந்து முதல் வகுப்பு முடியும் வரை, ஒவ்வொருவரையும் 6 அல்லது 7 முறை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்து, சொற்கள், எண்கள், வீடுகள், முகங்கள், கைக்கருவிகள் ஆகியவற்றின் படங்களைக் காட்டினார்கள். பள்ளிக்கு முன் எழுத்துக்கென்று தனி இடம் எதுவும் தெரியவில்லை. பாடம் தொடங்கிய முதல் சில மாதங்களிலேயே, குழந்தை எழுத்துக்கும் ஒலிக்குமான தொடர்பைப் பிடித்துக்கொண்ட அதே காலத்தில், அந்த இடம் எழுத்துக்கு விடை சொல்லத் தொடங்கிவிட்டது. அதற்கு முன் எடுத்த படங்களைத் திரும்பிப் பார்த்தபோது, அந்த இடம் கைக்கருவிகளின் படத்துக்குச் சிறிதளவு அசைந்துகொடுத்ததே தவிர, எதற்கும் அழுத்தமாக ஒதுக்கப்பட்டிருக்கவில்லை என்று தெரிந்தது. எழுத்து வந்த பின்பும் அந்தப் பழைய வேலை அழியவில்லை. கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் பழைய வீடுகள் விடுதிகளாகும்போது, அதிகம் புழங்காமல் கிடந்த அறையொன்று விருந்தினர் அறையாகிறதே, சுவரை இடிக்காமல், கதவை மாற்றாமல், அதுபோன்ற ஏற்பாடு இது.

இந்த ஆய்வு எனக்கு உதவியது, காலக்கணக்கு விஷயத்தில்தான். எழுத்துக்கான இடம் பிறப்பது மெல்ல மெல்ல ஐந்தாறு ஆண்டுகளில் நடப்பதன்று. ஒழுங்காகக் கற்பித்தால் முதல் சில மாதங்களிலேயே அதன் அடித்தளம் விழுந்துவிடுகிறது. ஆனால் அடித்தளம் விழுவது வேறு, வாசிப்புச் சரளமாவது வேறு. தொடக்க மாதங்களில் கவனத்தையும் முயற்சியையும் நடத்தும் மூளையின் மேற்பகுதிகள் கடுமையாக உழைக்கின்றன. வாசிப்புக் கைவரக் கைவர அந்த உழைப்புத் தணிந்து, வேலை சொல்லுருப் பகுதிக்கும் பேச்சைக் கவனிக்கும் பகுதிகளுக்கும் கைமாறுகிறது. அதாவது, விரலை எழுத்தின் அடியில் வைத்து, ‘ப... ட... ம்’ என்று ஒவ்வொன்றாக இழுத்துப் படிக்கும் குழந்தையின் மூளை, நம்மைவிடப் பல மடங்கு பாடுபட்டுக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் குறுக்கே புகுந்து ‘வேகமாகப் படி’ என்று சொல்வதில் பயன் இல்லை. என் வகுப்பில் விரல் வைத்துப் படிக்கத் தடை கிடையாது. ஒரு குழந்தை தடுமாறும்போது பக்கத்துப் பிள்ளை முந்திக்கொண்டு விடையைச் சொல்லிவிடக் கூடாது என்பது மட்டும் கண்டிப்பான விதி. சொல்லிவிட்டால் தடுமாறிய குழந்தை செய்ய வேண்டிய வேலையை வேறொருவர் செய்ததாகிவிடும். இப்படித் தடுமாறிப் படிப்பது மிகவும் களைப்பூட்டும் வேலை என்பதால், ஒரே மூச்சில் முக்கால் மணி நேரம் படிக்க வைப்பதைவிட, காலையில் சிறிது, உணவு இடைவேளைக்கு முன் சிறிது, வீட்டுக்குப் போகும் முன் சிறிது என்று பிரித்துக்கொள்வதே நல்லது.

சூரிச் நகரில் ஊர்ஸ் மாவுரர் குழுவினர் செய்த ஆய்வு இதனோடு சேர்த்துப் படிக்கத்தக்கது. தலையில் மின்முனைத் தொப்பி அணிவித்து, எழுத்தைக் கண்ட மாத்திரத்தில் மூளை எழுப்பும் மின்னலையை அவர்கள் அளந்தார்கள். சொல் கண்ணில் பட்டு ஏறத்தாழ ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரத்தில் அந்த அலை எழுந்துவிடுகிறது. பள்ளிக்கு முந்தைய வயதில், சொல்லுக்கும் பொருளற்ற குறிகளுக்கும் அந்த அலையில் வேறுபாடு தெரியவில்லை. இரண்டாம் வகுப்பில் வேறுபாடு மிகப் பெரிதாக இருந்தது. பெரியவர்களிடம் அது மீண்டும் சுருங்கியிருந்தது. கற்கும் காலத்தில் ஏறி, பழகிய பின் இறங்குகிறது என்பதே இதன் பொருள். பெற்றோர் கூட்டத்தில் ‘இரண்டாம் வகுப்பு வந்தும் இழுத்து இழுத்துப் படிக்கிறானே, டீச்சர்’ என்று யாராவது குறைப்பட்டுக்கொண்டால், இழுத்துப் படித்தாலும் சரியாகப் படிக்கிறானா என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

சரியாகப் படிக்கிறானா என்பதைக் கண்டறிவது நம் ஊரில் அவ்வளவு எளிதன்று. கேட்டதை அப்படியே மனத்தில் வாங்கிக்கொள்ளும் ஆற்றல் எங்கள் பிள்ளைகளிடம் அபாரமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை விளக்குப் பூசையில் கேட்ட பாட்டையும், குன்றக்குடிக்குக் காவடி போகிறவர்கள் பாடும் சிந்தையும் இரண்டு நாளில் ஒப்பித்துவிடுவார்கள். பாடப்புத்தகத்தின் ஒரு பக்கத்தை இரண்டு முறை நான் வாசித்துக் காட்டினால் போதும், மூன்றாம் முறை புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்தைப் புரட்ட வேண்டிய இடத்தில் சரியாகப் புரட்டி, ஏற்ற இறக்கத்தோடு சொல்லிவிடுவார்கள். பார்ப்பவருக்கு அது வாசிப்பு. மூளைக்கு அது மனப்பாடம். ‘பாடத்தைக் கடகடவென்று சொல்றான், வேற பக்கத்தைக் காட்டினா முழிக்கிறான், ஏம்மா?’ என்று ஓர் அப்பத்தா என்னிடம் கேட்டார். ஆய்வாளர்கள் பக்கம் பக்கமாக எழுதும் சிக்கலை அவர் ஒரே வரியில் கேட்டுவிட்டார் என்று தோன்றியது.

இதைச் சோதிக்க எனக்குக் கைகொடுப்பவை இல்லாத சொற்கள். ‘மொடி’, ‘டேபு’, ‘தபிமு’ என்று எந்தப் பொருளும் இல்லாத சிலவற்றைக் கரும்பலகையில் எழுதி, ‘இது ஒரு பூதத்தின் பேர், என்ன பேர் சொல்லு’ என்று கேட்பேன். மனப்பாடத்தில் ஓடுகிற குழந்தை அங்கே நின்றுவிடும். எழுத்தைக் கூட்டப் பழகிய குழந்தை, திக்கினாலும், பூதத்தின் பெயரைச் சொல்லிவிடும். இதைத் தேர்வாக வைக்காமல் விளையாட்டாக வைப்பதால் யாருக்கும் அச்சம் வருவதில்லை. பாடத்தில் உள்ள வாக்கியத்தின் சொற்களை அட்டைகளில் எழுதி, வரிசையைக் கலைத்துக் கொடுப்பதும் இதே பயன் தரும். படத்தைக் கையால் மறைத்துவிட்டுப் படிக்கச் சொல்வதை மட்டும் நான் குறைவாகவே செய்கிறேன். படத்தைப் பறிப்பது குழந்தைக்குத் தண்டனைபோல் தோன்றிவிடுகிறது.

தமிழ் எழுத்துக்கென்று உள்ள சுமையை ஐரோப்பிய ஆய்வுகளில் தேடிப் பயன் இல்லை. 26 எழுத்துகளோடு முடிந்துபோகும் மொழிகளில் ஓராண்டுக்குள் முழு எழுத்தும் தெரிந்துவிடும். நம்மிடம் 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என்று 247 இருக்கின்றன. கன்னடக் குழந்தைகளை நெடுங்காலம் ஆராய்ந்த சோனாலி நாக், இத்தகைய எழுத்து முறைகளில் எழுத்தறிவு முழுமை பெற முதல் மூன்று நான்கு வகுப்புகள்கூட ஆகின்றன என்று காட்டியிருக்கிறார். ஆகவே, முதல் வகுப்பு முடிவதற்குள் 247ஐயும் வரிசையாக ஒப்பிக்கச் செய்துவிட வேண்டும் என்ற பதைப்பு தேவையற்றது. க, ங, ச, ஞ என்று வரிசையாகத் தொடங்கினால், ‘ங’வையும் ‘ஞ’வையும் வைத்துக்கொண்டு குழந்தை எந்தச் சொல்லைப் படிக்கும்? ப, ட, ம, அவற்றோடு புள்ளி வைத்த ‘ம்’, ‘ட்’ ஆகியவை தெரிந்தாலே படம், மடம், பட்டம், மட்டம் என்று முதல் வாரங்களிலேயே சொற்கள் கிடைத்துவிடுகின்றன. சொல் கிடைத்தால்தான் எழுத்து, ஒலி, பொருள் ஆகிய மூன்றும் மூளையில் ஒருங்கே கிளர்ச்சி பெறும். நெடுங்கணக்கின் வரிசையைப் பாட்டாகப் பாடிக்கொள்ளட்டும், அதில் தவறில்லை. அகராதி பார்க்கும் வயதில் அது உதவும்.

எங்கள் வகுப்பில் அதிக நாள் எடுத்துக்கொள்வது கொம்பு. ‘தெரு’ என்பதில் கண்ணுக்கு முதலில் படுவது ஒற்றைக் கொம்பு. வாயில் முதலில் வர வேண்டியதோ ‘த்’ என்ற ஒலி. ‘கொடி’யில் உயிர்க்குறி மெய்யை இரு பக்கமும் அணைத்துக்கொண்டு நிற்கிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் படிக்கப் பழகிய குழந்தை, கொம்பைத் தனி எழுத்தாக எண்ணித் திகைத்து நின்றுவிடும். இந்தியில் இகரக் குறி மெய்க்கு முன்னால் எழுதப்பட்டுப் பின்னால் ஒலிக்கிறது. அத்தகைய சொற்களைப் படிக்கக் குழந்தைகளுக்கு மட்டுமல்லாமல் பெரியவர்களுக்கும் சற்றுக் கூடுதல் நேரம் ஆகிறது என்று ஜோத்ஸ்னா வைத், அஷும் குப்தா ஆகியோர் 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு தெரிவிக்கிறது. ஆகவே கொம்பில் தடுமாறுவதைச் சோம்பலாகக் கருதக் கூடாது. நான் செய்வது, கொம்பும் மெய்யும் சேர்ந்த முழு வடிவத்தை ஒரே அட்டையில், ஒரே நிறத்தில் எழுதி, அதை ஓர் உருவமாகவே பார்க்கப் பழக்குவது. கொம்பை மட்டும் சிவப்பு மையில் எழுதிக் காட்டும் வழக்கம் பல பள்ளிகளில் உண்டு. அது கொம்பு இருப்பதை நன்றாகக் காட்டும், ஆனால் கண்ணைக் கொம்பிலேயே நிறுத்திவிடுகிறது என்பது என் கருத்து. உகர ஊகார வரிசையும் இப்படியே. கு, சு, டு, து, மு, று என்று ஒவ்வொரு மெய்யும் ஒவ்வொரு விதமாக வளைவதால், அங்கே விதி சொல்லிப் பயன் இல்லை. அந்த எழுத்துகள் வரும் சொற்களை அடிக்கடி கண்ணில் படச் செய்வதே வழி. அறிவிப்புப் பலகையில் ஒவ்வொரு வாரமும் ஒரு வரிசைச் சொற்களை மாற்றி மாற்றி எழுதி வைக்கிறேன்.

மூளையின் இடப்பக்கத்தில் பேச்சொலியைப் பகுத்துக் கேட்கும் பகுதி இருக்கிறது. வாசிப்பு என்பது சொல்லுருப் பகுதிக்கும் இதற்கும் இடையே ஒரு பாதை உறுதிப்படுவதுதான் என்று சுருக்கமாகச் சொல்லலாம். சூரிச் நகரிலேயே, இன்னும் படிக்கத் தெரியாத மழலைப் பள்ளிக் குழந்தைகளுக்கு எழுத்தையும் ஒலியையும் பொருத்தும் ஒரு கணினி விளையாட்டை 8 வாரங்களில், மொத்தமாகச் சேர்த்தால் 4 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடக் கொடுத்தார்கள். அதற்குள்ளாகவே எழுத்துக்கான மூளைக் கிளர்ச்சி தலைகாட்டியது என்று சில்வியா பிரெம் குழுவினர் 2010ஆம் ஆண்டில் எழுதினார்கள். எங்களிடம் கணினி வேண்டியதில்லை. ‘பணியாரத்தில் முதலில் வருவது என்ன? கந்தரப்பத்தில் கடைசியில் வருவது என்ன? மனோலத்தில் ம-வை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன?’ என்று மதிய உணவுக்கு வரிசையில் நிற்கும்போதே கேட்டு விளையாடலாம். அசையாகப் பிரிப்பது குழந்தைக்கு இயல்பாக வரும். ‘ம’வுக்குள் ‘ம்’மும் ‘அ’வும் இருக்கின்றன என்பது புலப்படப் புள்ளியும் உயிர்க்குறிகளும் நன்கு பழக வேண்டும். அந்தப் பகுப்பு முதல் வகுப்பிலேயே வந்தாக வேண்டும் என்று நெருக்கத் தேவையில்லை.

ஒலியில் வேறொரு சிக்கலும் எங்களுக்கு உண்டு. இந்தப் பக்கத்தில் பலர் ‘வாழைப்பழ’த்தை ‘வாளப்பளம்’ என்றே சொல்கிறோம். ‘இருக்கிறது’ என்று வீட்டில் யாரும் பேசுவதில்லை. காதில் விழாத ஒலிக்கு எழுத்தைப் பொருத்தச் சொன்னால் குழந்தை என்ன செய்யும்? ‘வாளைப்பளம்’ என்று எழுதும் குழந்தை தன் காதுக்கு உண்மையாகவே எழுதுகிறது. திருத்துவதற்கு முன், எழுத்துத் தமிழ் அதன் காதில் விழ வேண்டும். அதற்காகவே ஒவ்வொரு நாளும் ஒரு கதையை, பேச்சு வழக்குக்கு மாற்றாமல், புத்தகத்தில் உள்ளபடியே வாசித்துக் காட்டுகிறேன். பிறகு அதையே எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்கிறேன்.

கையெழுத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். விஜயதசமி அன்று அரிசியில் விரல் பிடித்து எழுத வைப்பது நம் வழக்கம். அது ஒரு நாளோடு நின்றுவிடுவதுதான் குறை. காரின் ஜேம்ஸ், லாரா எங்கல்ஹார்ட் ஆகியோர் 2012ஆம் ஆண்டில், எழுத்தறியாத ஐந்து வயதுக் குழந்தைகளில் எழுத்துகளைக் கையால் எழுதிப் பழகுதல், புள்ளிக் கோட்டின் மேல் வரைதல், விசைப்பலகையில் தட்டுதல் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டார்கள். பிறகு அந்த எழுத்துகளைக் காட்டியபோது, தானாகக் கையால் எழுதிப் பழகியவற்றுக்கே வாசிப்போடு தொடர்புள்ள பகுதிகள் தெளிவாகக் கிளர்ச்சியுற்றன. கோணலும் மாணலுமாக, ஒவ்வொரு முறையும் வேறு வேறாக எழுதும்போது, எத்தனை கோணலானாலும் இது ‘ம’தான் என்ற பொது வடிவத்தை மூளை பிடித்துக்கொள்கிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். புள்ளிக் கோடு அச்சடித்த பயிற்சி ஏடுகளை வாங்கிக் குவிக்கும் பெற்றோரிடம் இதை நான் தவறாமல் சொல்வதுண்டு. பாரிஸ் வணிகர் எழுத்தை விரலால் வரைந்து கண்டுகொண்டதும் இதே காரணத்தால்தான்: கை அறிந்து வைத்திருக்கும் எழுத்து, கண் கைவிட்ட பின்னும் மிஞ்சுகிறது. முற்றத்து மணல், சிலேட்டு, பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எதுவும் போதும். எழுதும்போதே அந்த ஒலியை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது மட்டும் முக்கியம்.

எழுத்தை வலம் இடமாகத் திருப்பி எழுதும் குழந்தைகளைக் கண்டு பெற்றோர் கலங்குகிறார்கள். மாடு இடப்பக்கம் பார்த்து நின்றாலும் வலப்பக்கம் பார்த்து நின்றாலும் அது மாடுதான் என்று அறியவே நம் பார்வை பழகியிருக்கிறது. எழுத்துக்கு மட்டும் அந்தப் பழக்கத்தை விலக்கிக்கொள்ள மூளைக்குச் சிறிது காலம் வேண்டும். இரண்டாம் வகுப்பு வாக்கில் பெரும்பாலான குழந்தைகளிடம் இது தானே மறைந்துவிடுகிறது. பிரேசிலில் இந்தத் திருப்பத்தைக் கண்டறியும் பயிற்சியை அளித்து, அதன் பின் பள்ளியிலேயே குழந்தைகளைத் தூங்க வைத்தபோது வாசிப்பு வேகம் கூடியதாக 2021ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியானது. பள்ளியில் மதியத் தூக்கத்துக்கு எங்களுக்கு வசதி இல்லை. இரவில் தொலைக்காட்சித் தொடர்கள் முடியும் வரை பிள்ளையை விழித்திருக்க விட வேண்டாம் என்று மட்டும் தாய்மார்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.

கொரோனாக் காலத்தில் 2020 மார்ச்சில் மூடிய தொடக்க வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. முதல் வகுப்பையே பார்க்காமல் மூன்றாம் வகுப்பை எட்டியவர்களும் எங்களிடம் இருந்தார்கள். இல்லம் தேடிக் கல்வி மையங்கள் மாலையில் வீட்டு முகப்புகளிலும் கோயில் மண்டபங்களிலும் நடந்தன. 2022 ஜூன் முதல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. வயது கடந்துவிட்டதே என்று நாங்கள் அஞ்சிய பிள்ளைகள், எழுத்துக்கூட்டலை அடியிலிருந்து தொடங்கியதும் சின்னப் பிள்ளைகளைவிட விரைவாகவே பிடித்துக்கொண்டார்கள். அவர்களுக்குக் குறையாக இருந்தது கூச்சம்தான். ஆறு வயதுப் பிள்ளைக்கான பாடலை எட்டு வயதுப் பையன் வாய்விட்டுப் பாட மாட்டான். பேருந்துப் பலகை, கிரிக்கெட் வீரர் பெயர், மிட்டாய் உறை என்று வயதுக்கேற்ற சொற்களை மாற்றிக் கொடுத்ததும் அந்தத் தடை போயிற்று.

வாசிப்புக்கு வயது வரம்பு இல்லை என்பதற்கு ஆய்வும் சான்று தருகிறது. போர்ச்சுகல், பிரேசில் நாடுகளில் 63 பெரியவர்களை ஒப்பிட்டு 2010ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், வளர்ந்த பின் எழுத்துக் கற்றவர்களிடமும் சொல்லுருப் பகுதி உருவாகியிருந்தது. பேச்சைக் கேட்கும் பகுதியின் கிளர்ச்சிகூட எழுத்தறிந்தவர்களிடம் மிகுந்திருந்தது. உத்தரப் பிரதேசத்துக் கிராமங்களில் நடந்த பின்னாளைய ஆய்வு, எழுத்து கற்றதால் முகங்களை அறியும் திறன் போன்ற பழைய ஆற்றல்கள் குறைந்துவிடவில்லை என்று தெளிவுபடுத்தியது. எங்கள் பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கல்லுடைக்கும் பெண்கள் எழுத்தையும் சைக்கிளையும் ஒன்றாகக் கற்றார்கள். அந்தத் தலைமுறை அப்பத்தாக்கள் சிலர் இன்று பேரப்பிள்ளையின் புத்தகத்தைத் தாமே எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்கள். பேரன் படிக்க, அப்பத்தா அதே வரியைப் பின்தொடர்ந்து படிப்பதை நான் வீட்டுப்பாடமாகவே கொடுப்பதுண்டு. 1978ஆம் ஆண்டின் சீர்திருத்தத்துக்கு முந்தைய ‘லை’, ‘னை’ வடிவங்கள் உள்ள பழைய சிட்டைகளை வாசிப்பதில் மட்டும் அவருக்கே முதலிடம். பேரன் அங்கே எழுத்தறியாதவன் ஆகிவிடுவான், அது அவனுக்குப் பெரிய வேடிக்கை.

இத்தனையும் செய்த பின்பும், நன்றாகப் பேசி, கதையைப் புரிந்துகொண்டு, கணக்கிலும் கெட்டியாக இருக்கும் ஒரு சில குழந்தைகள் இரண்டாம் வகுப்பின் இறுதியிலும் எழுத்தும் ஒலியும் ஒட்டாமல் தவிப்பார்கள். டிஸ்லெக்சியா எனப்படும் கற்றல் குறைபாடாக அது இருக்கலாம். எழுத்தையும் ஒலியையும் இணைக்கும் இடப்பக்கப் பகுதிகளில் இவர்களுக்குக் கிளர்ச்சி குறைவாக இருக்கிறது. அறிவுக் கூர்மைக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. செறிவான பயிற்சியால் இது மாறவும் செய்கிறது: 2018ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், வாசிப்பில் தடுமாறிய 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு 8 வாரம் நாள்தோறும் தனிப்பயிற்சி அளித்தபோது, மூளைப் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைக் கற்றைகளிலேயே மாற்றம் பதிவாயிற்று. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் இக்குறைபாட்டை ஏற்றுக்கொண்டிருப்பதால், தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்கும் வழி உண்டு. ‘சோம்பேறி’, ‘மக்கு’ என்ற சொற்களை வீட்டில் அதற்குள் பலமுறை கேட்டுவிட்டிருக்கும் அந்தக் குழந்தை, கேட்கும் திறனும் பார்வையும் சரியாக உள்ளனவா என்ற சோதனையில் தொடங்கி, முறையான மதிப்பீட்டுக்கு அனுப்பப்பட வேண்டும். அப்படிப் போகும்போது, எந்த எழுத்துகளில் தடுமாறுகிறது, இல்லாத சொற்களை எப்படிப் படிக்கிறது, கொம்பு வரும் இடங்களில் என்ன செய்கிறது என்று தேதியிட்டு நான் எழுதி வைத்த தாளையும், குழந்தையின் பழைய எழுத்து நோட்டுகளையும் பெற்றோரிடம் கொடுத்தனுப்புகிறேன். ஒரே நாளில் குழந்தையைப் பார்க்கும் வல்லுநருக்கு, ஓராண்டு முழுவதும் பார்த்த ஆசிரியரின் குறிப்பு பல கேள்விகளை மிச்சப்படுத்துகிறது.